இசக்கியம்மாளுக்கு ஏழு புள்ளி எட்டு

நான் ரெஃப்ரி இல்ல தம்பி. ரெஃப்ரிக்கு மார்க் போடுறவன். பையில கால்பந்துச் சங்கத்து முத்திரையப் பாத்துட்டுக் கேக்கிய, சரிதான், எல்லாரும் அப்பிடித்தான் கேப்பாவ. மைதானத்துல விசில் ஊதுற ஆள் ரெஃப்ரின்னு ஊருக்கே தெரியும். அவர் ஒழுங்கா ஊதுறாரான்னு பாக்கதுக்கு மேல ஒருத்தன் உக்காந்திருப்பான். அந்த ஒருத்தன யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அதுதான் அந்த வேலைக்கு மரியாதை. இப்பத் தெரிஞ்சுபோச்சு, பேப்பர்லயே வந்துட்டு. அது வேற விஷயம்.

இந்த பஸ்ஸுல திருநெல்வேலிதான போறிய? நானும் பாளையங்கோட்டைதான். பேரு ஞானராஜ். பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். உங்களுக்குத் தூக்கம் வந்தாத் தூங்குங்க. நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வாறேன்.

இன்னிக்கு மதுரையில ஒரு மீட்டிங். என் வீட்டம்மா ரூபி அத விசாரணைங்கா. கடிதத்துல 'கலந்துரையாடல்'னுதான் போட்டிருந்தது. நான் காட்டினேன். அவ வாசிச்சுப் பாத்துட்டு, "சரி, கலந்துரையாடிட்டு வாங்க, வெள்ளச் சட்டையப் போட்டுட்டுப் போங்க"ன்னா.

விஷயம் இதுதான். கோயம்புத்தூர்ல ஒரு ஆட்டம் நடந்துச்சு. பதினாறு வயசுக்குட்பட்ட பொம்பளப் பிள்ளைங்க. இந்தியாவும் நேபாளமும். கோப்பை எல்லாம் கிடையாது, நட்பு ஆட்டம். ஆனாலும் இன்டர்நேஷனல் இன்டர்நேஷனல்தான். தேசிய கீதம் உண்டு, கொடி உண்டு. நட்பு ஆட்டம்ங்கிறதால ரெஃப்ரி நம்ம நாட்டு ஆளே இருக்கலாம். போட்டிருந்தது யாரைங்கிய? இசக்கியம்மாள்னு ஒரு பிள்ளை. ஆயுதப்படையில போலீஸ். சொந்த ஊரு விளாத்திகுளம் பக்கம்.

அவ பேரப் பட்டியல்ல பாத்ததுமே எனக்கு ஒரு சங்கடம். தென்மாவட்டம் பாருங்க. நானும் தென்மாவட்டம். அவளுக்கு நல்ல மார்க் போட்டா, ஊர்க்காரப் பிள்ளைக்குப் போட்டுட்டான்னு நாலு பேரு பேசுவான். அதனால ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாலேயே ஒரு முடிவுக்கு வந்துட்டேன். எவ்வளவு மார்க் வந்தாலும் அதுல கொஞ்சம் குறைச்சுப் போட்டுரணும். அப்பத்தான் நடுநிலை. இத நான் யாருகிட்டயும் மறைக்கல. இன்னிக்கு மீட்டிங்லயும் சொன்னேன். சொன்னதும் அங்க இருந்த மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாவ. நேர்மைய எதிர்பாக்கல போலுக்கு.

மார்க் கணக்கு உங்களுக்குத் தெரியாது. பத்துக்குத்தான். ஆனா பத்து யாரும் வாங்கினதில்ல. எட்டு புள்ளி நாலு போட்டா ஆள் நல்லா ஊதுனான்னு அர்த்தம். ஏழு புள்ளி ஒம்பதுன்னா பெரிய தப்பு ஒண்ணு செஞ்சிட்டான்னு அர்த்தம். அதுக்குக் கீழ போனா, வீட்டுக்குப் போய் யோசின்னு அர்த்தம். அந்தப் புள்ளிக்கு அப்புறம் வாற நம்பர்லதான் ஒரு ஆளோட வாழ்க்கை நிக்கும். இசக்கியம்மாளுக்கு அந்த ஆட்டம் முக்கியம். அதுல நல்ல மார்க் வந்தா ஆசிய அளவுல ஊதுற பட்டியலுக்குப் பேரு போகும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் அத மனசுல வச்சிக்கிடக் கூடாது. நான் வச்சிக்கிடல.

நானும் ஊதுனவன்தான் தம்பி. இருபது வருஷத்துக்கு மேல. பெரிய ஆட்டங்கள்ல எல்லாம் கோட்டுல கொடி பிடிச்சிருக்கேன். இன்டர்நேஷனல் ஆகுறதுக்கு எனக்கு எல்லாத் தகுதியும் இருந்துச்சு. ஓட்டத் தேர்வுல மட்டும் கால் ஒத்துழைக்கல. மூணு தடவை ஒத்துழைக்கல. அதப் பத்தி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

ஆட்டத்துக்கு வருவோம். பாதிக் கூட்டம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. பஸ்ஸுல கூட்டிட்டு வந்திருந்தாவ. வெயிலுக்கு ஆளுக்கு ஒரு காகிதத் தொப்பி. எனக்கு மேல் வரிசையில நல்ல இடம். காயின் போடும்போதே நான் கவனிச்சேன், இசக்கியம்மாள் சிரிக்கா. ரெண்டு கேப்டன் பிள்ளைங்ககிட்டயும் கை குடுத்துச் சிரிக்கா. ரெஃப்ரி சிரிக்கக் கூடாதுன்னு விதியில இல்ல. சிரிக்கலாம்னும் இல்ல. எழுதிக்கிட்டேன்.

அப்புறம் பேச்சு. ஒரு நேபாளப் பிள்ளை விழுந்துட்டு. பெரிய அடி ஒண்ணும் இல்ல, பயந்துட்டு. இவ பக்கத்துல போய், "எந்திரிம்மா, ஒண்ணுமில்ல, எந்திரி"ங்கா. தமிழ்ல. அந்தப் பிள்ளைக்கு என்ன புரியும்? எந்திரிச்சு ஓடிட்டு, அது வேற. ஆனா சர்வதேச ஆட்டத்துல தமிழ் பேசலாமா? எழுதிக்கிட்டேன்.

முதல் கோல் நேபாளம் போட்டுச்சு. சுத்தமான கோல். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால நமக்கு ஒரு கார்னர் கிடைச்சது. மூலையில இருந்து பந்த வளைச்சு அடிச்சா, நம்ம பிள்ளை ஒருத்தி தலையால முட்டிப் போட்டுட்டா. ஒண்ணுக்கு ஒண்ணு. கூட்டம் தொப்பியத் தூக்கி எறியுது. ஆனா நான் ஒண்ணு பாத்தேன் தம்பி. முட்டின பிள்ளை இல்ல, அவளுக்குப் பக்கத்துல நின்ன இன்னொரு நம்ம பிள்ளை, நேபாளத்துப் பிள்ளையோட சட்டையப் பின்னாலேருந்து பிடிச்சு நிறுத்திட்டா. அதனாலதான் இவளுக்கு இடம் கிடைச்சது. அது ஃபவுல். கோல் செல்லாது. இசக்கியம்மாள் பாக்கல. ஏன் பாக்கலன்னா, அவ நின்ன இடம் சரியில்ல. கார்னர் அடிக்கும்போது கோலுக்கு ரொம்பக் கிட்டத்துல போய் நிக்கா. அங்க நின்னா முன்னால நிக்கிற உடம்புங்க பின்னால நடக்குறத மறைச்சிரும். ரெண்டு எட்டு வெளிய, சாய்வா நின்னாத் தெரியும். அந்த மைதானத்துல இதப் பாத்தது நான் ஒருத்தன்தான். அத இன்னிக்கும் சொல்லுவேன்.

இடைவேளையில சங்கத்துச் செயலாளர் துரைப்பாண்டி டீயோட வந்தாரு. "என்ன சார், பிள்ளை எப்பிடி ஊதுது"ன்னு கேட்டாரு. ஆட்டத்துக்கு நடுவுல நான் அபிப்பிராயம் சொல்லுறதில்ல. "டீயில சீனி கூட"ன்னு மட்டும் சொன்னேன்.

இப்ப ரெண்டாவது பாதி. இதுதான் பேப்பர்ல வந்தது. ஆட்டம் முடியப் போற நேரம். நம்ம பிள்ளைங்க நெருக்குதாவ. உயரமா ஒரு பந்து வருது. நேபாளத்து கோல்கீப்பர் பிள்ளை பிடிக்கதுக்கு எம்புதா. நம்ம பிள்ளை முட்டதுக்கு எம்புதா. ரெண்டு பேரும் பந்துக்குத்தான் போனாவ, யாரு மேலயும் தப்பில்ல. தலையும் தலையும் மோதிட்டு. பந்து கீழ விழுந்து உருளுது. கோல்ல ஆள் இல்ல. நம்ம பிள்ளை இன்னொருத்தி பந்துகிட்ட ஓடியாச்சு. காலத் தூக்கியாச்சு. அந்த நேரத்துல இசக்கியம்மாள் விசில ஊதிட்டா.

ஊதின பிறகு பந்து உள்ள போச்சு. செல்லாது.

கூட்டம் எப்பிடிக் கத்தும்னு நான் சொல்ல வேண்டாம். சீஃப் கெஸ்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. காகிதத் தொப்பி எல்லாம் மைதானத்துக்குள்ள பறக்குது. நம்ம கோச் கோட்டுக்கு வெளிய நின்னு ரெண்டு கையையும் விரிச்சிக்கிட்டு நிக்காரு. இசக்கியம்மாள் யாரையும் பாக்கல. ஓடிப் போய் அந்த கோல்கீப்பர் பிள்ளை பக்கத்துல மண்டி போட்டா. பிள்ளையத் தொட்டு ஒருக்களிச்சுப் படுக்க வச்சா. வாய்க்குள்ள விரல விட்டு என்னமோ எடுத்தா. ரெஃப்ரி ஆட்டக்காரரத் தொடக் கூடாது தம்பி. டாக்டர் இருக்காரு, ஸ்ட்ரெச்சர் இருக்கு. டாக்டர் வாறதுக்குக் கொஞ்சம் நேரம் ஆச்சு, அவர் பந்தலுக்குப் பின்னால போன் பேசிக்கிட்டிருந்தாரு. அது டாக்டரோட தப்பு. அவருக்கு மார்க் போடுறது என் வேலை இல்ல.

முட்டப் போன நம்ம பிள்ளைக்கு நெத்தியில வீக்கம் மட்டும்தான். கோல்கீப்பர் பிள்ளைய ஆம்புலன்ஸ்ல கொண்டு போனாவ. மிச்ச நேரம் ஆடினாவ. ஒண்ணுக்கு ஒண்ணுலயே முடிஞ்சிட்டு.

நீங்க கேப்பிய, அந்த மோதல நான் பாத்தேனான்னு. இன்னிக்கு மீட்டிங்லயும் அதத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாவ. மோதுற அந்த நேரம் நான் குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தேன். அவ சட்டை இடுப்புக்கு வெளிய வந்திருந்தது. அத எழுதினேன். ஆனா விசில் எப்பிடி ஊதணும்னு எனக்குக் காதுலயே தெரியும். தலையத் தூக்கிப் பாக்கேன், பந்து வலைக்குள்ள கிடக்கு. விசில் முன்னாலயே கேட்டுட்டு. அவசரம்னு தெரிஞ்சிட்டு. ஒரு மூச்சு பொறுத்திருந்தா கோலும் ஆகியிருக்கும், பிள்ளையையும் பாத்திருக்கலாம்.

ஆட்டம் முடிஞ்சதும் ரெஃப்ரிகிட்ட உக்காந்து பேசணும், அது முறை. ரூமுக்குப் போனேன். அங்க நேபாளத்து கோச்சம்மா நிக்காவ. கையில ஒரு வெள்ளப் பட்டுத் துணி. அத இசக்கியம்மாள் கழுத்துல போட்டு, அவ ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டு நிக்காவ. இவ அழுதா. கோச்சம்மா போன பிறகு நான் சொன்னேன், "ஆட்டம் முடிஞ்ச கையோட ஒரு அணிகிட்டேருந்து பரிசு வாங்குறது சரியில்ல."

"பரிசு இல்ல சார், துண்டு"ன்னா.

"துண்டுன்னாலும் பட்டு"ன்னேன்.

அவ அதக் கழத்தி மடிச்சு மேசையில வச்சிட்டு, "சொல்லுங்க சார்"ன்னா. கார்னர்ல அவ நின்ன இடத்தையும் சட்டை இழுப்பையும் சொல்லிட்டு, விசில் விஷயத்துக்கு வந்தேன். ஒரு மூச்சு பொறுத்திருக்கணும்னு சொன்னேன்.

"சார், அந்தப் பிள்ளைக்குக் கீழ விழும்போதே கண்ணு சொருகிட்டு. கை ரெண்டும் விறைச்சு நிக்கி. அது தலைக்காயம். தலைக்காயம்னா உடனே நிறுத்தணும்னு விதி இருக்கு சார்."

"கண்ணப் பாக்குறது டாக்டர் வேலை."

அவ மெதுவாக் கேட்டா, "நீங்க பாத்தீங்களா சார்?"

ரெஃப்ரி மதிப்பீட்டாளரக் கேள்வி கேட்கலாமா? அதையும் எழுதினேன். பணிவு குறைவு. உணர்ச்சிக் கட்டுப்பாடு குறைவு. கார்னர் சமயத்துல நிக்கிற இடம் தவறு. அவசர விசில். உடை. எல்லாம் கூட்டிக் கழிச்சா ஏழு புள்ளி ஒம்பது வந்துச்சு. ஊர்க்காரிங்கிறதுக்காகக் குறைச்சேன். ஏழு புள்ளி எட்டு.

வெளிய வந்தா துரைப்பாண்டி நிக்காரு. மூஞ்சி செவந்து போயிருக்கு. "சீஃப் கெஸ்டு முன்னால மானம் போச்சு சார். ஜெயிக்க வேண்டிய ஆட்டம். நீங்க கரெக்டாப் போடணும், அவ்வளவுதான் சொல்லுவேன்"ன்னாரு. நான் அவரு முகத்துக்கு நேரா சொன்னேன், "துரைப்பாண்டி, என்னை யாரும் வற்புறுத்த முடியாது. நான் ஏற்கனவே போட்டுட்டேன்." எவ்வளவுன்னு கேட்டாரு. சொன்னேன். கையப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போனாரு.

வீட்டுக்கு வந்தா ரூபி கதவத் திறந்ததுமே, "அந்த நேபாளத்துப் பிள்ளைக்கு எப்பிடி இருக்கு"ன்னு கேக்கா. அவ போன்ல ஆட்டத்தப் பாத்திருக்கா. எனக்குத் தெரியலன்னேன். "தெரியாம எப்பிடிங்க வந்தீங்க?" எங்க வேலை ஆட்டத்தோட முடியுதுன்னு அவளுக்கு விளக்கினேன். அவ கேட்டுட்டு உள்ள போய் ஜெபம் பண்ணினா. பேரு தெரியாததால 'அந்த கோல்கீப்பர் பிள்ளை'ன்னே சொல்லி ஜெபம் பண்ணினா. எனக்கும் தெரியாது. என் ரிப்போர்ட்ல நம்பர் ஒண்ணுன்னுதான் போட்டிருந்தேன்.

மறுநாள்லேருந்துதான் கதை மாறிச்சு. பிள்ளைக்கு மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. ஆபரேஷன் பண்ணினாவ. வாயிலேருந்து பல்லுக் கவசத்த எடுத்து ஒருக்களிச்சுப் போடலன்னா மூச்சு அடைச்சிருக்கும், கொஞ்சம் பிந்தியிருந்தாலும் கை மீறிப் போயிருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பேப்பர்ல இசக்கியம்மாள் போட்டோ. டிவியில இசக்கியம்மாள். அதே துரைப்பாண்டி அவளுக்குச் சால்வை போடுதாரு. அடுத்த வாரம் இன்னொரு செய்தி. உயிரக் காப்பாத்துன நடுவருக்கு ஃபெயில் மார்க்குன்னு. மார்க் ரகசியம் தம்பி. நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். அவரு டிவியில, "நான் அப்பவே கேட்டேன், அந்த சார் பிடிவாதமாப் போட்டுட்டாரு"ங்காரு.

அதுக்குத்தான், ரெண்டு மாசம் கழிச்சு, இன்னிக்குக் கூப்பிட்டது.

மூணு பேரு உக்காந்திருந்தாவ. மரியாதையாத்தான் பேசினாவ, காப்பி குடுத்தாவ. வீடியோ போட்டாவ. மோதலையும் விசிலையும் நிறுத்தி நிறுத்திக் காட்டினாவ. பிள்ளை கை விறைக்கிறது தெரியுது. ரெண்டு கையும் காத்துல அப்பிடியே நிக்கி, யாரையோ தூக்கச் சொல்லுற மாதிரி. அத நான் இன்னிக்குத்தான் பாத்தேன். அப்புறம் இன்னொரு வீடியோ. எதிர்ப்பக்கம் ஒரு கேமரா வச்சிருந்திருக்காவ. எனக்குச் சொல்லல. அதுல நாங்க உக்காந்திருந்த பக்கம் பூராத் தெரியுது. அத்தனை சனமும் எந்திரிச்சு நிக்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கூட. ஒருத்தர் மட்டும் குனிஞ்சு உக்காந்திருக்காரு. வழுக்கை நல்லாத் தெரியுது.

"இது நீங்கதானா சார்?"

"ஆமா. எழுதிக்கிட்டிருக்கேன்."

"என்ன எழுதினீங்க?"

"சட்டைய."

சட்டை வெளிய வந்திருந்தது உண்மை. அந்த வீடியோவுலயே தெரியுது. அத ஒருத்தரும் பேசல. சட்டைய இழுத்துப் பிடிச்ச ஃபவுலச் சொன்னேன், கார்னர்ல நடந்தது. அத வீடியோவுல தேடினாவ. கூட்டமா நிக்கிறதால சரியாத் தெரியல. "அத விடுங்க சார்"ன்னாவ. என் மார்க்க அடிச்சிட்டு எட்டு புள்ளி அஞ்சு போட்டாவ. எனக்கு இனிமே ஓய்வு குடுக்காவளாம். நான் ஏற்கனவே ரிட்டயர் ஆனவன்னு சொன்னேன். "மறுபடியும் சார்"ன்னு சொன்னாரு அந்த நடுவுல இருந்தவரு. நல்ல மனுசன்தான்.

வெளிய வந்தா மரத்தடியில இசக்கியம்மாள் நிக்கா. அவளையும் கூப்பிட்டிருந்தாவளாம், உள்ள கூப்பிட அவசியம் இல்லாமப் போச்சு. யூனிஃபாரம் இல்ல, சுடிதார். "வாங்க சார், பஸ் ஸ்டாண்டுல விடுறேன்"ன்னா. வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன், வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டா. பின்னால உக்காந்தேன்.

சிக்னல்ல நிக்கும்போது அவதான் ஆரம்பிச்சா. "சார், அந்தக் கார்னர். நீங்க எழுதினது சரி."

"எது?"

"நான் நிக்கிற இடம். அன்னிக்கே ராத்திரி யோசிச்சுப் பாத்தேன் சார். அந்தச் சட்டை இழுப்ப நான் பாக்கல. அந்த கோல் குடுத்திருக்கக் கூடாது. நியாயமாப் பாத்தா நேபாளப் பிள்ளைங்கதான் ஜெயிச்சிருக்கணும். அதுக்கப்புறம் ரெண்டு ஆட்டம் ஊதிட்டேன். வெளிய தள்ளி, சாய்வாத்தான் நிக்கேன். நல்லாத் தெரியுது."

பாத்துக்கிடுங்க தம்பி. மூணு பேரு கமிட்டி, ரெண்டு கேமரா, டிவி, பேப்பர். ஒருத்தருக்கும் தெரியல. ஊதுனவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் போட்ட மார்க் சரின்னுதானே அர்த்தம்? அதத்தான் அவகிட்டயும் கேட்டேன். அவ சிரிச்சா. "அது மட்டும் சரி சார்"ன்னா. சிரிக்கிற பழக்கம் இன்னும் போகல.

மாட்டுத்தாவணியில இறங்கினோம். பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு. அவ ஒரு டீ வாங்கிக் குடுத்தா, சீனி கம்மியா. அடுத்த மாசம் ஆசியப் பட்டியலுக்கு ஓட்டத் தேர்வாம். வெயில்ல ஓடாத, காலையிலயே ஓடிப் பழகு, கடைசி ரெண்டு சுத்துக்கு மூச்ச மிச்சம் வையின்னு சொன்னேன். எனக்கு அங்கதான் கால் விட்டுப்போகும். "சரி சார்"ன்னா. அப்புறம் போன எடுத்து, "சார், இதப் பாத்தீங்களா"ன்னு நீட்டினா.

ஒரு வீடியோ. மலையடிவாரத்துல ஒரு சின்ன மைதானம். அந்த கோல்கீப்பர் பிள்ளை. மண்டையில பாதி முடி இப்பத்தான் முளைக்கி. குல்லா ஒண்ண ஏத்திப் போட்டிருக்கா. யாரோ எதிர்த்தாப்புல நின்னு பந்த மெதுவாத் தூக்கிப் போடுதாவ, இவ பிடிக்கா. திருப்பிப் போடுதா. திரும்பவும் பிடிக்கா. ஒரு தடவ விட்டுட்டு, ஓடிப் போய் எடுக்கா. கேமராவப் பாத்து நாக்க நீட்டுதா.

பேரு என்னன்னு கேட்டேன். பிமலா தாமாங். "பிமலா" சரி, அந்த ரெண்டாவது பேரு எனக்கு வாயில நுழையல. ரெண்டு தடவ சொல்லச் சொன்னேன். ரூபி கேப்பா பாருங்க, அதுக்காக.

இன்னொரு தடவ போடும்மான்னேன். போட்டா. பிள்ளை பந்தப் பிடிக்கும்போது ரெண்டு கையையும் மேல தூக்குது. வீடியோ சின்னது, பொசுக்குன்னு முடிஞ்சிருது. இன்னொரு தடவ போடுன்னேன். அவ போன என் கையிலயே குடுத்துட்டு, டீக்குக் காசு குடுக்கப் போயிட்டா. அதுக்குள்ள இந்த பஸ்ஸு வந்துட்டு, இல்லன்னா கொஞ்ச நேரம் பாத்திருப்பேன்.